அடுக்குமாடி வீட்டில் நாயா, பூனையா? வளர்த்துப் பழகியவர்களின் அறிவுரை தேவை

கேள்வி: வேளச்சேரி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். காலை எட்டரை மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பத்து வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். என் தாயாரும் எங்களுடனேயே இருக்கிறார். பகலில் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கு நெடுநாளாக ஆஸ்துமா தொந்தரவு உண்டு.

மகள் லாப்ரடார் குட்டி ஒன்று வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டு வருகிறாள். மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்தில் பூனைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர் என்பதால், அடுக்குமாடி வீட்டுக்குப் பூனையே ஏற்றது என்கிறார். பிள்ளைகள் கைப்பேசியை வைத்துவிட்டு ஓர் உயிரைக் கவனித்து வளர்வது நல்லது என்ற எண்ணம் எனக்கும் இருக்கிறது. ஆனால் வளர்ப்பவர்கள் அடையும் மகிழ்ச்சியைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறேனே தவிர, அன்றாடம் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும், எவ்வளவு செலவாகும், எங்கள் வீட்டுக்கு எது பொருந்தாது என்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. குடியிருப்போர் சங்கம் தடை சொல்லுமா, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குச் செல்லும்போது என்ன செய்வது, பிள்ளைகளைக் கடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலைகளும் உண்டு. வளர்த்துப் பழகியவர்கள் விரிவாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

பதில்: குரோம்பேட்டை வாசகர்

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியவற்றுள் மிக முக்கியமான செய்தி, காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை நீங்கள் இருவரும் வீட்டில் இருப்பதில்லை என்பதுதான். எந்த இனம், என்ன நிறம் என்று பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் யார் எந்த நேரத்தில் எதைச் செய்யப் போகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளில் நிரப்ப ஆளில்லாத இடங்கள் இருந்தால், அவற்றை நிரப்பிய பிறகுதான் குட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டு மாத நாய்க்குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கும். நாளுக்கு மூன்று நான்கு வேளை சாப்பிடும். பல் முளைக்கும் பருவத்தில் செருப்பு, கதவோரம், மின்கம்பி என எதையும் கடிக்கும். அதைப் பத்து மணி நேரம் ஆஸ்துமா உள்ள ஒரு மூதாட்டியின் பொறுப்பில் விடுவது இருவருக்கும் கொடுமை. லாப்ரடார் குணத்தில் மிக இனிய இனம்தான். ஆனால் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களுக்கு வலையிழுக்க உதவிய நாய்களின் வழிவந்தது அது. நாள் முழுதும் உழைப்பதற்கு ஏற்ற உடல். வளர்ந்தபின் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து கிலோ எடை இருக்கும். போதிய ஓட்டமும் நடையும் இல்லாமல் மூன்று அறை வீட்டுக்குள் இருந்தால் உடல் பெருத்து, இடுப்பு மூட்டுத் தேய்ந்து, நடுவயதிலேயே எழுந்து நடக்கத் திணறும். முடியும் ஆண்டு முழுதும் உதிரும்.

நாட்டு இனம் என்றவுடன் பலர் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைக் கேட்கிறார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையே வெளியிடப்பட்டது. அந்தப் பெருமை நமக்கு இருக்க வேண்டியதுதான். என்றாலும் இவை வேட்டைக்காகப் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை. திறந்தவெளியில் விரட்டி ஓடும் உடலமைப்பு கொண்டவை. தோட்டம் துரவு உள்ளவர்கள் வளர்த்தால் அந்த இனங்களுக்கு வாழ்வு. மூன்றாம் தள வீட்டில் வளர்த்தால் அது வாட்டம்தான்.

நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது, தெருவிலிருந்து மீட்கப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த, ஒன்றரை இரண்டு வயதான சாதாரண நாட்டு நாயை. குட்டிதான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் வளர்ந்த நாயின் குணத்தை முன்கூட்டியே அறிய முடியும், கழிப்பதற்கு வெளியே செல்லும் வரை பொறுக்க அதற்குப் பழக்கலாம், நம் வெயிலுக்கு அதன் உடல் ஏற்கெனவே ஒத்துப்போயிருக்கும். 1960களிலிருந்து சென்னையில் இயங்கிவரும் புளூ கிராஸ் அமைப்பின் காப்பகம் உங்களுக்கு அருகில், வேளச்சேரி சாலையிலேயே இருக்கிறது. அங்கே ஒரு முறை பார்த்த உடனே அழைத்து வந்துவிடாமல், சில ஞாயிற்றுக்கிழமைகள் பிள்ளைகளோடு சென்று பழகிப் பாருங்கள்.

அன்றாட வேலையைக் கேட்டிருந்தீர்கள். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் நடத்திச் செல்ல வேண்டும். மழை, காய்ச்சல், அலுவலக அவசரம் எதுவும் அதற்கு விலக்கு இல்லை. நாய்க்கு நம்மைப்போல உடல் முழுதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். ஆகவே சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பார்த்து, பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. தெருவில் மலம் கழித்தால் காகிதத்தாலோ பையாலோ எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுவது வளர்ப்பவரின் கடமை. அண்டை அயலாருக்கு நாய்மீது வரும் வெறுப்பில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் செய்யாததால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆண்டுக் கட்டணம் 2025இல் 50 ரூபாய்தான், இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிடைக்காது. அடையாளத்துக்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்துவதும், உரிமம் எடுக்காதவர்களுக்கு 5000 ரூபாய் அபராதம் விதிப்பதும் 2025இல் நடைமுறைக்கு வந்தன. குடியிருப்போர் சங்கத்தைப் பொறுத்தவரை, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மை வாக்கெடுத்துத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடை செய்யச் சங்கத்துக்கு உரிமையில்லை. அதே வழிகாட்டுதல்கள் தூய்மை காப்பதையும், பொது இடங்களில் வார் போட்டே அழைத்துச் செல்வதையும் வளர்ப்பவரிடம் வலியுறுத்துகின்றன. ஆனால் நீங்கள் வாடகைக்கு இருப்பவர். வீட்டு உரிமையாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு விஷயம். அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாற்ற நேரும்போது நாயைத் தெருவில் விட்டுச் செல்லும் குடும்பங்களில் பல, இந்த ஒப்புதலை வாங்காமல் தொடங்கியவை.

செலவு என்று பார்த்தால், வீட்டில் சமைத்த சோறு, கோழிக்கறி, முட்டை, காய்கறி என்று கொடுக்கும் எங்களுக்கு உணவுக்கு மட்டும் மாதம் 2500 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. கடையில் வாங்கும் உலர் உணவு என்றால், அதிலும் பெரிய இனம் என்றால், இதைப்போல இரு மடங்குக்கு மேல் ஆகலாம். தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து தனி. ஊருக்குச் செல்லும்போது விடும் காப்பிடங்களில் நாளொன்றுக்கு 500 ரூபாய் முதல் கேட்கிறார்கள். பொங்கலுக்கு எல்லாக் காப்பிடங்களும் நிறைந்துவிடும். மார்கழி பிறப்பதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆகும் அளவு பணத்தைத் தனியே ஒதுக்கி வைப்பது நல்லது.

இவ்வளவு வேலைக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் மிகுவதைக் கண்டார்கள்; தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதும் அதே இயக்குநீர்தான். எங்கள் வீட்டில் அதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகன் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்த ஒரு காலத்தில், நாயை நடத்திச் செல்லும் பொறுப்பு அவனிடம் இருந்ததால் நாள்தோறும் இரண்டு முறை வெளியே வந்தான். வழியில் நாயோடும், பிறகு தெருவில் உள்ளவர்களோடும், கடைசியில் எங்களோடும் பேசத் தொடங்கினான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

பதில்: கோவை வாசகி

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகலில் பெரும்பாலும் உறங்கும் பிராணி பூனை. நாளில் பாதிக்கு மேல் தூக்கத்திலேயே கழிக்கும். நடத்திச் செல்ல வேண்டியதில்லை. மணல் தட்டில் கழிக்கத் தானாகவே பழகிக்கொள்ளும். ஆனால் கிராமத்து ஓட்டு வீட்டில் பூனைகள் வளர்ந்த முறையும் அடுக்குமாடியில் பூனை வளர்ப்பதும் முற்றிலும் வேறானவை என்பதை அவரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அங்கே பூனை எலி பிடித்தது, கூரைமேல் திரிந்தது, விரும்பியபோது வந்து பால் குடித்தது. அப்படிப் போன பூனைகளுள் எத்தனை திரும்பி வந்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

முதல் வேலை, பூனை வருவதற்கு முன்பே பால்கனிக்கும் ஜன்னல்களுக்கும் உறுதியான வலை அடிப்பது. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. புறாவைப் பார்த்துத் தாவி, தாடையும் காலும் உடைந்து, நுரையீரல் நசுங்கி மருத்துவமனைக்கு வரும் பூனைகள் ஏராளம். புறாவுக்காக அடிக்கும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்தே அறுத்துவிடும் என்பதால், தடித்த கம்பி வலையாக இருப்பது நல்லது.

உணவில் நம் ஊரில் இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. பால் பூனைக்கு உணவு என்பது ஒன்று. வளர்ந்த பூனைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் கொடுத்தே வளர்த்துவிடலாம் என்பது மற்றொன்று. பூனை கட்டாய ஊன் உண்ணி. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தன் உடலில் உருவாக்கிக்கொள்ள அதனால் முடியாது. இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் பார்வை மங்கும். இதயத் தசை தளர்ந்து உயிரே போகும் என்பது 1987இல் உறுதி செய்யப்பட்டது. நாய்க்காவது மருத்துவரின் வழிகாட்டுதலோடு சைவ உணவைத் திட்டமிட முடியும். வீட்டுக்குள் மீனும் கறியும் வரக்கூடாது என்ற வழக்கமுள்ள குடும்பம், பூனைக்கான டப்பா உணவைக்கூட ஏற்காது என்றால், பூனை வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். நாற்றத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சில பூனைகளின் மலத்தில் வெளிவரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள், வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே பிறருக்குத் தொற்றும் நிலையை அடையும். அன்றன்றே அள்ளிவிட்டால் அந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிடுகிறது. கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். பூனையையே வெளியேற்றத் தேவையில்லை. ஆண்பூனை மணல் தட்டுக்கு மீண்டும் மீண்டும் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், காலைவரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் இறந்துவிடும்.

அதேபோல், காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக்கூடப் பூனைக்குக் கொடுக்கக் கூடாது. அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. நாய்க்கு உண்ணி ஒழிக்கத் தோலில் விடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. லில்லிப் பூக்கள் சிறுநீரகத்தை அழித்துவிடும். வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து வளரும் இடங்களில் இந்த மருந்து மாறாட்டம் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து ஆறு மாதத்திலேயே பெண்பூனை கருவுறக்கூடும். ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் கருவுறும். ஒரு குட்டி போடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் வீட்டுக் குட்டிகள்தாம் மீன் சந்தை வாசல்களில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன.

பூனையின் அன்பு நாயின் அன்பைப்போல வாசலில் வந்து குதிக்காது. நாம் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளின் மேல் வந்து அமரும். நம் கண்ணைப் பார்த்து மெதுவாக இமைகளை மூடித் திறக்கும். நாமும் அப்படியே இமைத்தால், பூனை பதிலுக்கு இமைப்பதையும் நம்மை நெருங்கி வருவதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகள் அமைதியான பிள்ளை என்றால், தன் விருப்பத்தைத் திணிக்காமல் மற்றோர் உயிரின் விருப்பத்துக்குக் காத்திருப்பதைப் பூனையிடம் கற்றுக்கொள்வாள். என் பெண்கள் இருவரும் கற்றுக்கொண்டார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், திருநெல்வேலி

இரண்டு பதில்களும் பயனுள்ளவை. மருத்துவம் சார்ந்தவற்றை மட்டும் நான் சேர்க்கிறேன்.

முதலில் உங்கள் தாயார். பூனை ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம். பூனை நக்கி நக்கித் தன்னைச் சுத்தம் செய்யும்போது அது முடியெங்கும் பரவி, காய்ந்து, நுண்துகளாகக் காற்றில் மிதக்கும். பூனையை வீட்டைவிட்டு அனுப்பிய பிறகும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் மாதக்கணக்கில் தங்கும். நாய்க்கும் இத்தகைய புரதங்கள் உண்டு; ஆயினும் பூனை ஒவ்வாமையே பொதுவாகக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒவ்வாமையே தராத இனம் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். பூனை வளர்க்கும் உறவினர் வீட்டிலும் நாய் வளர்க்கும் வீட்டிலும் உங்கள் தாயார் வெவ்வேறு நாட்களில் சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். இழுப்பு மருந்தைக் கையில் வைத்திருக்கட்டும். அவருடைய நெஞ்சக மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவருக்கு மூச்சு இழுக்கிறது என்றால், அந்தப் பிராணி உங்கள் வீட்டுக்கு இல்லை. பிள்ளைகளின் ஆசையைவிட இது பெரிது.

அடுத்தது கடி. ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அதற்கு மருந்து இல்லை; மரணம் ஏறத்தாழ உறுதி. ஆனால் உரிய நேரத்தில் சிகிச்சை எடுத்தால் முற்றிலும் தடுத்துவிடக்கூடிய நோயும் அதுவே. மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்கள் மூலமாகத்தான். குட்டி விளையாட்டாகப் பல் பதித்தது, பூனை லேசாகக் கீறியது என்று ஒதுக்கிவிடும் வழக்கத்தை நான் பணியாற்றிய ஊர்கள் எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி போடாத குட்டிக்கும் ரேபிஸ் இருக்கலாம். கடியோ கீறலோ ஏற்பட்டால், குழாயைத் திறந்து ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்றால் தடுப்பூசியை இலவசமாகப் போடுவார்கள். தோலினூடே போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள் என நான்கு தவணை. காயம் ஆழமாகவோ முகத்திலோ இருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். நம் வீட்டு நாய்தானே, அதற்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று நீங்களே முடிவு செய்யாமல், மருத்துவரை முடிவு செய்ய விடுங்கள்.

நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்திலிருந்து பார்வோ, டிஸ்டெம்பர் முதலான நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும்வரை தேவை. பார்வோ வந்த குட்டி இரத்தமாகக் கழிந்து சில நாட்களில் இறந்துபோவதைப் பார்த்த எவரும் இந்த ஊசிகளின் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். அந்த ஊசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. பூனைக்குட்டிக்கும் எட்டாவது வாரத்திலிருந்து மூன்று வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி உண்டு. குடற்புழு மருந்து குட்டிப் பருவத்தில் அடிக்கடியும், வளர்ந்தபின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் நாய்களை அதிகம் வீழ்த்துவது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பேபிசியா என்னும் கிருமிகளை உண்ணி பரப்புகிறது. நாய் சோர்ந்து படுத்து, உணவை மறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்தால் உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதை நினைவில் வையுங்கள். கைக்குச் சூடாகத் தெரிவதை வைத்துக் காய்ச்சல் என்று மருந்து கொடுக்கக் கூடாது. நடைக்குப் பின் காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பது உங்கள் பத்து வயது மகள் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யக்கூடிய நல்ல வேலை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு ஆகாதவை. வேகவைத்த கோழி எலும்பு முறிந்து கூராகிக் குடலைக் கிழிக்கும்.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியது சுருக்கமானது: சாப்பிடும்போதும் உறங்கும்போதும் தொடக் கூடாது, உறுமினால் விலகிவிட வேண்டும். உறுமலுக்காக நாயை அடிக்காதீர்கள். உறுமுவது அது கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். ஆறு வயது மகனை நாயோடு தனியே விட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை தண்ணீர் வைக்கலாம், முடி சீவலாம், மருந்துத் தேதியைக் குறித்து வைக்கலாம். பொறுப்பு முழுவதையும் பிள்ளைமேல் வைத்துவிட்டு, செய்யவில்லை என்றால் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று மிரட்டும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்புக்கும் அது தவறு, பிராணி வளர்ப்புக்கும் தவறு.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கசக்கிறது. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு, வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழும். உங்கள் மகள் கல்லூரிக்குச் செல்லும்போது அது முதுமையில் இருக்கும். மூட்டு வலியும் சிறுநீரகக் கோளாறும் வரும். படியேற முடியாமல் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும். என்னிடம் அழைத்து வரப்பட்ட பிராணிகளுள் இந்தக் கட்டத்தில் வருகை குறைந்துபோனவையே மிகுதி. அந்தக் கடைசி ஆண்டுகளைச் சேர்த்தே கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.

பதில்: சிங்கப்பூர் வாசகர்

எங்கள் ஊர் நடைமுறையையும் சொல்கிறேன். சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் அனுமதித்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெற வேண்டும். பொறுப்போடு வளர்ப்பது குறித்த பாடம் ஒன்றையும் முடிக்க வேண்டும். பூனை விழாதபடியும் வெளியே திரியாதபடியும் ஜன்னல்களுக்கு வலை அடிக்க வேண்டும். நாய் என்றால், அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்று மட்டும். கட்டுப்பாடு அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. வளர்க்கும் முன் பாடம் படிக்க வேண்டும் என்ற விதியை எல்லா ஊர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் வேளச்சேரி என்பதால் ஒரு செய்தி. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் என் அக்காள் குடும்பம் அங்கே இருந்தது. படகு வந்தபோது பூனையை வைத்து எடுத்துச் செல்லக் கூடை இருந்ததால் அதுவும் கரையேறியது. சுமக்கும் கூடை, வார், ஒரு வாரத்துக்கான உணவு, தடுப்பூசி அட்டையின் நகல் ஆகியவற்றை ஐப்பசி பிறக்கும் முன் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள்.

தொடர்ச்சி: வேளச்சேரி வாசகர்

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி செய்து பார்த்தோம். பூனைகள் உள்ள உறவினர் வீட்டில் அரை மணி நேரத்திலேயே அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. நாய் வளர்க்கும் நண்பர் வீட்டில் ஒரு பகல் முழுதும் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மருத்துவரும், நாயைப் படுக்கையறைக்குள் விடாமல் பார்த்துக்கொண்டால் முயன்று பார்க்கலாம் என்றார். மனைவிக்கு வருத்தம்தான், ஆனால் முடிவை முதலில் சொன்னதும் அவரே. லாப்ரடார் இல்லை என்று மகளிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. காப்பகத்துக்கு அழைத்துப் போன பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அங்கே ஏறத்தாழ இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்று, பழுப்பு நிறம், கருத்தடை ஆனது, மகனின் கையை முகர்ந்துவிட்டு அவன் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டது.

வீட்டு உரிமையாளர் எழுத்தில் ஒப்புதல் தந்துவிட்டார். காலை நடை என்னுடையது, மாலை நடை மனைவியும் மகளும். வாரத்தில் இரண்டு நாள் மனைவி வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மற்ற மூன்று நாள் நண்பகலில் கீழ்த்தளத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் கால் மணி நேரம் அழைத்துச் செல்ல முன்வந்திருக்கிறார். ஒரே ஒரு ஐயம்: தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. உடனே அழைத்து வந்து வீட்டுக்குப் பழக்கிவிடுவதா, தீபாவளி கழிந்த பின் அழைத்து வருவதா?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், திருநெல்வேலி

கழிந்த பின் அழைத்து வாருங்கள். புதிய வீட்டுக்கு வரும் நாய் முதல் சில வாரங்கள் எங்கே இருக்கிறோம் என்றே அறியாமல் இருக்கும். தப்பி ஓடுவதும் அந்த நாட்களில்தான் அதிகம். அதோடு வெடிச்சத்தமும் சேர்ந்தால், கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். திரும்பி வர வழி தெரியாது. வேளச்சேரிக் குடியிருப்புகளில் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வெடி தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குச் சென்று அதை நீங்களே நடத்திப் பழக்குங்கள். உங்கள் வீட்டுத் துணி ஒன்றை அதன் படுக்கையில் விட்டு வாருங்கள். அழைத்து வந்த முதல் பதினைந்து நாட்கள் உறவினர் யாரையும் காட்டக் கூப்பிட வேண்டாம். கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் சேர்த்து அணிவித்து, உங்கள் தொலைபேசி எண் எழுதிய வில்லையைத் தொங்கவிடுங்கள். அப்போது மழையும் தொடங்கியிருக்கும். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவும் பருவம் அது. காப்பகத்தில் தரும் மருத்துவ அட்டையில் அதற்கான ஊசி போட்ட தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அழைத்து வரும் முன்பே அங்கேயே போட்டுத்தரக் கேளுங்கள்.